நீண்ட ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது? சுக்கு காத்தா தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டுக் கூடத்தில் மாலையானால் ஏழெட்டுப் பிள்ளைகள் டியூஷனுக்கு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். போன வருடம் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் வாசிப்புப் பகுதியில் 'கம்ஃபர்டபிள்' என்ற சொல்லில் வந்து நின்றான். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, நிதானமாக, 'கொம்... ஃபோர்... தா... ப்லே' என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். சரியாகப் படித்துவிட்டோம் என்ற நிம்மதி முகத்தில் அப்படியே தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவன் செய்தது ஒரு நல்ல வேலை. முதலாம் ஆண்டு மலாய் வகுப்பில் கற்ற சுக்கு காத்தாவை, அதாவது ஒலி பார்த்துச் சொல்லை அசை அசையாகப் பிரிப்பதை, அப்படியே ஆங்கிலத்தின் மேல் வைத்து வெட்டியிருக்கிறான். மலாயில் எந்தச் சொல்லையும் அப்படி வெட்டலாம். எழுத்து எப்படியோ ஒலியும் பெரும்பாலும் அப்படியே. ஆங்கிலத்துக்கு அந்த ஒரு கத்தி போதாது. அங்கே முதலில் பொருள் பார்த்து வெட்ட வேண்டும், மிஞ்சியதைத்தான் ஒலி பார்த்து வெட்ட வேண்டும். வரிசை மாறினால் கொம்-ஃபோர்-தா-ப்லே.

ஒரு விஷயம். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் இரண்டு வண்ணப் பென்சிலும் வைத்துக்கொண்டு, சொல் வரும்போதெல்லாம் அதை ஆங்கிலத்தில் எழுதி வெட்டிப் பாருங்கள். சும்மா படித்துக்கொண்டே போனால் இது பிடிபடாது.

முதலில் தாடையை எண்ணுங்கள்

வெட்டுவதற்கு முன்னால் எத்தனை துண்டு என்று தெரிய வேண்டும். கையை மோவாய்க்கு அடியில் வைத்துச் சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசை. ஒவ்வோர் அசைக்கும் ஓர் உயிரொலி உண்டு. வாய் திறக்காமல் உயிரொலி வராது. (யாப்பில் அசை என்றால் கணக்கு வேறு. 'மலர்' அங்கே ஒரே நிரையசை, இங்கே ம-லர் என்று இரண்டு. நான் அசை என்று சொல்வதெல்லாம் சுக்கு காத்தாவைத்தான்.)

எண்ண வேண்டியது உயிர் ஒலியை, உயிர் எழுத்தை அல்ல. 'பியூட்டிஃபுல்' என்று எழுதிப் பாருங்கள்: இ, ஏ, யூ, ஐ, மறுபடி யூ என்று ஐந்து உயிரெழுத்து. தாடை இறங்குவது மூன்றே முறை.

நம் நாக்கு இங்கே ஒரு குறும்பு செய்யும். தமிழ் வாய்க்கு வல்லின மெய்யில் சொல்லை நிறுத்தப் பிடிக்காது, ஓர் உகரத்தை ஒட்டிவிடும்: புக்கு, பிளேட்டு, கேக்கு. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் இகரம் ஏறிக்கொள்ளும். 'ஸ்கூல்' ஒரே அசை. பாட்டி சொல்லும் 'இஸ்கூலு' மூன்று அசை. இப்படி எண்ணினால் கணக்கு எப்போதும் கூடுதலாகவே வரும். சோதித்துப் பார்க்க 'ஸ்ட்ரெங்த்ஸ்' நல்ல சொல். ஒன்பது எழுத்து, ஒரே உயிரெழுத்து, ஒரே அசை. தாடை இரண்டாவது முறை இறங்கினால் எங்கோ ஓர் உகரம் நுழைந்துவிட்டது என்று பொருள்.

இறந்தகாலச் சொற்களிலும் இதே தொல்லைதான். கடைசியில் இ-டி சேர்ந்தாலே ஓர் அசை கூடும் என்று பிள்ளைகள் நினைத்து 'வாக்கெட்', 'கால்லெட்' என்பார்கள். முதற்சொல் டீயிலோ டியிலோ முடிந்திருந்தால்தான் அசை கூடும்: வான்டெட், நீடெட். மற்ற இடங்களில் கூடாது. 'வாக்ட்' ஒரே அசை.

வாலிலிருந்து உரியுங்கள்

இனிமேல்தான் வெட்டு. இடப்பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். வாலைப் பிடியுங்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பாகச் சொல்லைப் பிரிக்க நன்னூல் சொல்லித் தந்திருக்கிறது. 'நடந்தான்' என்பதில் 'ஆன்' விகுதியைக் கழற்றிவிட்டுத்தானே 'நட' என்ற பகுதியைத் தேடுவோம்? ஆங்கிலத்திலும் அதுதான். விகுதிகள் ஓர் இருபது தெரிந்தாலே பெரும்பாலான நீளச் சொற்களின் வால் கழன்றுவிடும்: இங், லி, நெஸ், மென்ட், ஃபுல், லெஸ், எபிள், அஸ், ஷன், இட்டி, இசம், இஸ்ட் இப்படி. ஒவ்வொன்றும் சொல்லின் வேலையையும் காட்டிக் கொடுக்கும். நெஸ், மென்ட், ஷன் என்று முடிந்தால் பெயர்ச்சொல். ஃபுல், லெஸ், எபிள் என்றால் பெயருக்கு அடை.

இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மலாய் இந்த விகுதிகளை மொத்தமாக வாங்கி, ஒலிப்படி எழுதி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'இட்டி' என்று முடிவது மலாயில் 'ஈத்தி': உனிவெர்சித்தி, குவாலித்தி, கொமுனித்தி. ஆங்கில 'ஷன்' பெரும்பாலும் 'சி' ஆகும்: சித்துவாசி, கெனெராசி, ஒர்கானிசாசி. சில இடத்தில் 'ஷென்' ஆகும். ஊரெல்லாம் தொங்கும் 'பூசாட் துயிஷென்' (டியூஷன் நிலையம்) பலகையே சாட்சி. 'இவ்' என்பது 'இஃப்' ஆகும்: பொசித்திஃப், அக்திஃப், கிரேயாத்திஃப். 'லஜி' என்பது 'லோகி'. ஆக, மலாய்ப் பாடநூலில் 'தெக்னோலோகி' என்று தடுமாறாமல் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில 'டெக்னாலஜி' பாதி தெரிந்த சொல். இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி, ஒத்துப்போகும் துண்டுகளுக்கு ஒரே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். என் வகுப்பில் இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குவேன்.

வால் ஒட்டிய இடத்தில் எழுத்து மாறியிருக்கலாம். 'ஹாப்பி'யின் கடைசி ஒய், 'ஹாப்பினெஸ்' ஆகும்போது ஐ ஆகிறது. 'மேக்'கின் கடைசி இ, 'மேக்கிங்'கில் விழுந்துவிடுகிறது. நம் இலக்கணத்தில் விகாரம் என்போமே, அதன் தம்பிதான் இது.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம். 'கம்ஃபர்டபிள்' சொல்லின் வாலில் 'எபிள்' இருக்கிறது பார் என்றேன். கட்டைவிரலால் அதை மறைத்தான். மிஞ்சியது 'கம்ஃபர்ட்'. முன்னால் இருக்கும் 'கம்' முன்னொட்டு, அதையும் மறைக்கச் சொன்னேன். நடுவில் நான்கு எழுத்து மட்டும் நின்றது. உற்றுப் பார்த்தான். "டீச்சர், ஃபோர்ட்! ஃபோர்ட் கார்ன்வாலிஸ்!" அதேதான். கடற்கரையோரம் ஞாயிற்றுக்கிழமை பட்டம் விடப் போகிறோமே, அந்தக் கோட்டையின் ஃபோர்ட். வலிமையைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்றிலிருந்து வந்தவை இரண்டும். கம்ஃபர்ட் என்றால் மூலத்தில் ஒருவருக்கு வலுவூட்டுவது, தைரியம் கொடுப்பது. மெத்தை நாற்காலியெல்லாம் பிற்பாடு வந்த பொருள். அதற்குப் பிறகு அவன் அந்தச் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதி நான் பார்த்ததில்லை.

தலையைப் பாருங்கள், ஆனால் ஏமாறாதீர்கள்

முன்னொட்டுகளில் அன், ரீ, இன், டிஸ் என்ற நான்கையும் முதலில் கற்றுக்கொடுங்கள். முன்னொட்டு உள்ள ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் இந்த நான்கில் அடங்கிவிடும். அப்புறம் ப்ரீ, மிஸ், சப், இன்டர், ட்ரான்ஸ், செமி, மல்ட்டி, ஆன்ட்டி. கடைசியில் சொன்னது எதிர்ப்பைக் குறிப்பது; பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேறு.

இவற்றில் 'இன்' அதிகம் உருமாறும். பீ, பி, எம் என்ற எழுத்துகளுக்கு முன் 'இம்': இம்பாசிபிள், இம்மெச்சூர். எல்லுக்கு முன் 'இல்': இல்லீகல். ஆருக்கு முன் 'இர்': இர்ரெகுலர். இதை விதியாக மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆவது ஏன்? வரப்போகும் ஒலிக்கு வாய் முன்கூட்டியே தயாராகிறது. மலாயில் 'பாச்சா' (படி) என்பது 'மெம்பாச்சா' ஆவதும் அதே காரணத்தால்தான். 'இன்பாசிபிள்' என்று வேகமாக ஐந்து முறை சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது முறையிலேயே அது தானாக 'இம்' ஆகிவிடும்.

இரட்டை எழுத்துக் குழப்பமும் இங்கேயே தீரும். 'இல்லீகல்' சொல்லில் ஏன் இரண்டு எல்? ஒன்று முன்னொட்டுக்குச் சொந்தம், இன்னொன்று லீகலுக்குச் சொந்தம். 'மிஸ்ஸ்பெல்' சொல்லில் இரண்டு எஸ். மிஸ்ஸுக்கு ஒன்று, ஸ்பெல்லுக்கு ஒன்று. 'டிஸ்அப்பியர்' சொல்லில் ஒரே எஸ்தான், ஏனென்றால் 'அப்பியர்' ஏ-யில் தொடங்குகிறது. பிழையாக எழுதுதல் என்ற பொருளுடைய சொல்லையே பலர் ஓர் எஸ்ஸை விட்டுப் பிழையாக எழுதுகிறார்கள் என்பது தனிக் கூத்து.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'அன்' கண்ணில் பட்டதும் பிள்ளைகள் எதையும் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். 'அங்கிள்' என்று எழுதிப் பாருங்கள்: யூ, என் என்றுதான் தொடங்குகிறது. அதை அன்-கிள் என்று வெட்டினால் மிஞ்சும் 'கிள்'லுக்கு ஒரு பொருளும் இல்லை. அது பகாப்பதம். 'அன்டர்', 'ரெடி', 'ரியல்' எல்லாம் இந்த வகை. சோதனை எளிது: வெட்டியபின் மிஞ்சும் துண்டு தனியாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு சொற்களிலும் அதே பொருளோடு வர வேண்டும். 'இன்டரப்ட்' சொல்லில் 'ரப்ட்' தனியாக நிற்காது. ஆனால் எரிமலை வெடிப்பைச் சொல்லும் 'இரப்ட்'டிலும், 'பாங்க்ரப்ட்'டிலும் அது இருக்கிறது. மூன்றிலும் உடைவது என்ற பொருள். ஆகவே வெட்டு சரி.

இன்னொரு பொறி 'இன்ஃப்ளேமபிள்'. 'இன்' இருப்பதால் தீப்பிடிக்காதது என்று நினைத்துவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள். அங்கே வரும் 'இன்' மறுப்பைக் குறிப்பதில்லை, உள்ளே என்பதைக் குறிப்பது. பெரியவர்களே தவறும் இடம் இது. தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள்.

நடுவில் நிற்கும் வேர்

தொழிற்சாலை என்றதும் நினைவுக்கு வருகிறது. என் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாவோ அம்மாவோ பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள். 1972-ல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதிலிருந்து பினாங்குக் குடும்பங்களின் வாயில் புழங்கும் சொல் 'செமிகண்டக்டர்'. வேர்களைப் பழகுவதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

வாலில் 'ஓர்', செய்பவரையோ செய்வதையோ குறிப்பது. தலையில் 'செமி', பாதி. அடுத்து 'கன்', சேர்த்து. நடுவில் 'டக்ட்', நடத்திச் செல்வது. பழைய பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாரே கண்டக்டர், அவரும் இவரும் ஒரே குடும்பம். அவர் பயணிகளை நடத்திச் சென்றார், இது மின்சாரத்தை. தமிழ் அறிவியல் நூலில் 'குறைக்கடத்தி' என்று இருக்கும். குறை என்பது செமி, கடத்து என்பது கண்டக்ட், இ என்பது ஓர். துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது. வேர் கிடைத்ததும் உறவினர்களைக் கூட்டுங்கள்: ப்ராடக்ட், இன்ட்ரொடக்ஷன், ரிடக்ஷன். ஒரு வேர், ஒரு பக்கம் நிறைய சொற்கள்.

'மானுஃபாக்சர்' இன்னும் வேடிக்கை. 'மானு' என்றால் கை, 'ஃபாக்ட்' என்றால் செய்வது. கையால் செய்தது என்பதுதான் மூலப்பொருள். இப்போது அந்த ஆலைகளில் கையே படக்கூடாது என்று உறை மாட்டி, முகமூடி போட்டு உள்ளே அனுப்புகிறார்கள்.

'போர்ட்' என்ற துண்டில் கொஞ்சம் கவனம் வேண்டும். இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட் எல்லாவற்றிலும் சுமந்து செல்வது என்று பொருள். ஏர்போர்ட்டில் இருப்பது துறைமுகம் என்ற வேறு போர்ட். பட்டர்வொர்த் துறைமுகத்தில் இரண்டு போர்ட்டும் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஏர்போர்ட் என்றதால் இன்னொன்று. பினாங்கு விமான நிலையத்தின் மலாய்ப் பெயரில் 'அந்தாராபங்சா' என்று ஒரு சொல் வரும், அதற்கு நேரான ஆங்கிலச் சொல் 'இன்டர்நேஷனல்'. அந்தாரா என்றால் இடையே, இன்டர். பங்சா என்றால் இனம், நேஷன். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் தையல் போட்டிருக்கின்றன. அந்தப் பங்சா சமஸ்கிருத வம்சத்திலிருந்து வந்தது, நாம் வம்சம் என்று சொல்கிறோமே அதேதான். யாரையாவது வழியனுப்பப் போகும்போது பிள்ளைக்குக் காட்டுங்கள். காத்திருக்கும் நேரம் வீணாகாது.

மிஞ்சியதை ஒலியால் வெட்டுங்கள்

பொருள் துண்டுகளைக் கழற்றிய பிறகும் உள்ளே இரண்டு மூன்று அசை மிஞ்சலாம். இப்போதுதான் சுக்கு காத்தாவுக்கு வேலை.

இரண்டு உயிருக்கு நடுவே இரண்டு மெய் இருந்தால் நடுவில் வெட்டுங்கள்: டாக்-டர், பிக்-நிக், ராப்-பிட். சேர்ந்து ஒரே ஒலி தரும் ஜோடிகளை மட்டும் பிரிக்கக்கூடாது. எஸ்-எச், டீ-எச், சி-எச், பீ-எச் எல்லாம் தம்பதிகள். கடைசியில் எல்-இ இருந்தால் அதற்கு முந்திய மெய்யையும் சேர்த்து ஓர் அசையாக வெட்டுங்கள்: டே-பிள், ஹான்-டில்.

நடுவில் ஒரே மெய் இருந்தால்தான் சிக்கல். முதலில் மெய்யை அடுத்த அசைக்குக் கொடுத்துப் பாருங்கள்: டை-கர், பே-ப்பர், ம்யூ-சிக். தெரிந்த சொல்லாக ஒலிக்கவில்லையா? மெய்யை முன்னால் இழுங்கள்: காம்-எல், ரிவ்-அர், லெம்-அன். இதில் விதியைவிடக் காதுதான் பெரிது. டை-கர் போல வருவதுதான் அதிகம் என்பதால் அதை முதலில் முயலச் சொல்கிறேன்.

மலாயில் தெர்புக்கா, தெர்த்துத்துப் என்று திறந்த அசை, மூடிய அசை உண்டல்லவா, அந்த வேறுபாடு இங்கே பொன். உயிரில் முடியும் திறந்த அசையில் உயிரெழுத்து பெரும்பாலும் தன் பெயரையே சொல்லும். மெய்யில் முடிந்து மூடிக்கொண்டால் குறுகிவிடும். 'டைனர்' சொல்லில் ஒரே என். டை என்று திறந்திருக்கிறது. 'டின்னர்' சொல்லில் இரண்டு என்; முதல் என் கதவைச் சாத்திவிட்டது. 'சூப்பர்', 'சப்பர்' இரண்டும் அப்படியே. 'ஹோப்பிங்', 'ஹாப்பிங்' குழப்பமும் இதே கதைதான்: நம்பிக்கையோடு இருப்பதற்கு ஒரு பீ, நொண்டியடிப்பதற்கு இரண்டு. இரட்டை மெய் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்குக் கதவு சாத்துவதற்கு என்று சொன்னால் போதும்.

திரும்ப ஒட்டி, ஓரிடத்தில் அழுத்துங்கள்

வெட்டியதோடு விட்டுவிட்டால் பிள்ளை ரோபோ மாதிரிப் படிக்கும். நாம் தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சமமாக மூச்சு விடுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை முதலாளி, மற்றவை குரலைத் தாழ்த்திக்கொள்ளும். விகுதி பார்த்தே முதலாளியைக் கண்டுபிடிக்கலாம்: ஷன், இக், இட்டி என்று முடிந்தால் அதற்கு நேர் முந்திய அசையில் அழுத்தம். கம்யூனிகேஷனில் 'கே', எகனாமிக்கில் 'நா', யூனிவர்சிட்டியில் 'வர்'. விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம். 'ஃபடாக்ரஃபி' ஆனதும் இரண்டாவதற்குத் தாவுகிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. அழுத்தம் போன இடத்து உயிர் மங்கி 'அ' மாதிரி ஆகிவிடும். மேசையில் தட்டிக்கொண்டே இந்த மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். அழுத்தத்துக்கு மட்டும் பலமான தட்டு.

மங்கிய உயிர் சில சமயம் காணாமலே போகும். 'கம்ஃபர்டபிள்' எழுத்தில் நான்கு அசை, பேச்சில் பெரும்பாலும் மூன்றே: கம்ஃப்-ட-பிள். 'வெஜிடபிள்' அப்படியே, அதற்குள் மேசை எதுவும் இல்லை, 'வெஜி-டேபிள்' என்று சொல்ல வேண்டாம். எழுதும்போது மனதுக்குள் நான்காக வெட்டுங்கள், பேசும்போது மூன்றாக விழுங்குங்கள்.

இரண்டு கத்தியும் சண்டை போடும் இடம்

'ஹெலிகாப்டர்' ஒலிப்படி ஹெ-லி-காப்-டர். பொருள்படி 'ஹெலிகோ' ஒரு துண்டு, 'ப்டர்' இன்னொரு துண்டு: சுழல், சிறகு. டைனோசர் காலத்துப் பறக்கும் 'டெரடாக்டில்' சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கும் பீ, இந்தச் சிறகுக்குச் சொந்தமானதுதான். இப்படிப்பட்ட இடத்தில் படிப்பதற்கு ஒலி வெட்டு, நினைவில் நிறுத்துவதற்குப் பொருள் வெட்டு.

அகராதியில் சொல்லுக்கு நடுவே புள்ளிகள் இருக்குமே, அதையே பார்த்தால் போதாதா என்று ஓர் அம்மா கேட்டார். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் வரியின் கடைசியில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று அச்சுக்காரர்களுக்குச் சொல்பவை. 'நாலெட்ஜ்' சொல்லை அமெரிக்கர்கள் எல்லுக்குப் பின் வெட்டுவார்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் எல்லுக்கு முன், 'நோ' என்ற வேர் தெரியும்படி. அகராதிகளே ஒத்துப்போகாத இடத்தில் பிள்ளையை அடிக்காதீர்கள்.

தினமும் எத்தனை சொல்? என் கணக்கு மூன்று. மருந்து உறை, பஸ், ஆலை அறிவிப்பு, எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்றையும் வெட்டி, ஒட்டி, ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இருபது கொடுத்தால் இரண்டே நாளில் சலித்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் விளையாட்டுக்கு ஒரு பூதத்தை இறக்குவேன். போன மாதம் இறக்கியது 45 எழுத்துள்ள 'நியுமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்'. 1935-ல் அமெரிக்கப் புதிர் சங்கம் ஒன்றின் தலைவர், நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கிய நோய்ப்பெயர். கரும்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எழுதினேன். கம்ஃபர்டபிள் பையன்தான் எழுந்து வந்தான். சாக்கட்டியால் கோடு போட்டான்: ஓசிஸ், நோய் என்று நான் சொன்னேன். கோனி, தூசி. வால்கேனோ அவனுக்கே தெரியும். சிலிக்கோ, மணற்சத்து. மைக்ரோஸ்காபிக், கண்ணுக்குத் தெரியாத பொடி. அல்ட்ரா, அதையும் தாண்டி. நியுமோனோ, நுரையீரல், முதல் பீ ஒலிக்காது என்றேன். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கையிலிருந்த பொடியைத் தட்டினான்.

"தூசியால வர்ற நுரையீரல் நோய்னு சொன்னா போதுமே டீச்சர், எதுக்கு இவ்வளவு?"